‘ரோபோகாப்’ ரீமேக்: நல்லதும் குறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1987இல் வந்த ‘ரோபோகாப்’ படத்தை 2014இல் மறுபடி எடுத்தார்கள். இரண்டையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்தவன் நான். புதியதைப் பார்க்கலாமா, பழையதைக் கெடுத்துவிட்டார்களா, எது பெட்டர் என்று நண்பர்களும் தெரிந்தவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதை விட, எல்லாக் கேள்விகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு படங்களின் கதையும் கீழே வெளிப்படையாகப் பேசப்படும். அது தெரியக் கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில், கதை என்ன?

இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். அலெக்ஸ் மர்ஃபி என்ற போலீஸ்காரனைக் குற்றவாளிகள் சிதைத்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் உடலை ஒரு பெரிய நிறுவனம் எடுத்து, இயந்திரத்துக்குள் பொருத்தி, சட்டத்தைக் காக்கும் பண்டமாக விற்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் மனிதன் மெல்ல விழித்துக்கொள்கிறான்.

பழைய படத்தை இயக்கியவர் நெதர்லாந்துக்காரர் பால் வெர்ஹோவன். மர்ஃபியாக நடித்தவர் பீட்டர் வெல்லர். புதியதை இயக்கியவர் பிரேசிலின் ஜோசே பாடில்யா. மர்ஃபியாக ஜோயல் கின்னமன், அவனை உருவாக்கும் டாக்டர் டென்னெட் நார்ட்டனாக கேரி ஓல்ட்மேன், ஆம்னிகார்ப் நிறுவனத்தின் தலைவர் ரேமண்ட் செல்லர்ஸாக மைக்கேல் கீட்டன், தொலைக்காட்சித் தொகுப்பாளர் பாட் நோவாக்காக சாமுவேல் எல். ஜாக்சன்.

பழைய படம் அவ்வளவு நல்லா இருக்கும்போது எதற்கு ரீமேக்?

நமக்கு ரீமேக் என்றால் பெரும்பாலும் ஒரு மொழிப் படம் இன்னொரு மொழிக்குப் போவது. ஹாலிவுட்டில் அதே மொழி, அதே நாடு. காலம் மட்டும் மாறும். ஆகவே அந்தக் காலம் கேள்வியை மாற்றியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மாற்றவில்லை என்றால் அது பழைய வீட்டுக்குப் புதுப் பெயின்ட், அவ்வளவுதான்.

‘ரோபோகாப்’ விஷயத்தில் கேள்வி உண்மையிலேயே மாறியிருந்தது. 1987இல் அதிபர் ரீகன் காலத்து அமெரிக்கா: எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. அதனால் பழைய படம், போலீஸையே ஒரு கம்பெனி வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டது. 2014க்கு வரும்போது அமெரிக்கா பாகிஸ்தானிலும் ஏமனிலும் ஆளில்லா டிரோன்களை வைத்துத் தாக்குதல் நடத்திக்கொண்டிருந்தது. தானாக இயங்கும் ஆயுதங்களுக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012 நவம்பரில் ஓர் உத்தரவே போட்டது. புதிய படம் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். ஓர் இயந்திரம் சுட்டால், சுட்டது யார்?

நல்ல கேள்வி. ஒரு ரீமேக்குக்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை. படத்தில் என்னை உலுக்கிய இடங்கள் எல்லாம் இந்தக் கேள்வியோடு ஒட்டியவை. சலிப்புத் தட்டிய இடங்கள் எல்லாம் இதை மறந்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிய இடங்கள்.

பாடில்யா இதற்குச் சரியான ஆளா?

மிகச் சரியான ஆள். 2002இல் அவர் எடுத்த ‘பஸ் 174’ ஆவணப்படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 2000 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் ஓர் இளைஞன் பேருந்தில் பயணிகளைப் பிணையாகப் பிடித்துவைத்தான். மணிக்கணக்காக அது தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. போலீஸ் சொதப்பியதையும், நாடே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் பாடில்யா பொறுமையாகக் காட்டியிருப்பார். பிறகு ரியோவின் சிறப்புப் போலீஸ் படையைப் பற்றி ‘எலீட் ஸ்குவாட்’ எடுத்து, 2008இல் பெர்லின் திரைப்பட விழாவில் அதன் முதல் பரிசான தங்கக் கரடியை வாங்கினார். போலீஸ் வன்முறை, அதைப் படம்பிடிக்கும் கேமரா, அதற்குக் கைதட்டும் மக்கள் – இந்த மூன்றையும் பத்து வருடம் படித்தவர் அவர். ரோபோகாப்புக்கு வேறு என்ன தகுதி வேண்டும்?

டெஹ்ரானில் தொடங்குவது ஏன்?

படம் 2028இல் நடக்கிறது. முதல் காட்சியிலேயே நோவாக் தன் நிகழ்ச்சியில், அமெரிக்க ரோபோக்கள் டெஹ்ரான் தெருக்களில் அமைதி காப்பதை நேரலையாகக் காட்டுகிறார். வீடு வீடாகக் கதவைத் திறக்கிறார்கள். மக்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறார்கள். இயந்திரங்கள் ஒவ்வொருவரையும் ஸ்கேன் செய்கின்றன. ஸ்டுடியோவில் பெருமிதம். தற்கொலைத் தாக்குதலுக்குக் கிளம்பும் சிலருக்கு ஒரே ஒரு குறிக்கோள்: கேமராவுக்கு முன்னால் சாவது. சண்டை வெடிக்கிறது. அவர்களில் ஒருவருடைய சின்ன மகன் சமையலறைக் கத்தியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வருகிறான். எதிரே இடி-209 என்ற ராட்சத இயந்திரம். கத்தியைக் கீழே போடச் சொல்கிறது. அப்புறம் சுடுகிறது. நோவாக் ஒளிபரப்பை வெட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்.

கத்தி வைத்திருந்தான் என்பது இயந்திரத்துக்குத் தெரியும். கத்தியைப் பிடித்திருந்த கை நடுங்கியது என்பது அதன் கணக்கில் இல்லை. ‘பஸ் 174’ எடுத்தவரின் கை இந்தக் காட்சியில் தெரிகிறது. பழைய படத்தில் இடி-209 நிறுவனத்தின் கூட்ட அறையில், ஊழியன் ஒருவன் துப்பாக்கியைக் கீழே போட்ட பிறகும் அவனைச் சல்லடையாக்கும். அதற்கு இணையாக வேறொரு காட்சியை யோசித்த விதத்தில் இந்தத் தொடக்கத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பழையதிலிருந்து அடிப்படையாக மாறியது எது?

பழைய படத்தில் மர்ஃபி செத்துவிடுகிறான். சட்டப்படியே செத்தவன். நினைவு அழிக்கப்பட்டு, பெயரில்லாமல் எழுகிறான். மனைவியும் மகனும் ஊரைவிட்டே போய்விட்டார்கள். விற்பனைக்குக் கிடக்கும் தன் வீட்டுக்குள் அவன் நடந்து போவான். ஒவ்வோர் அறையிலும் ஒரு நினைவுத் துணுக்கு வந்து போகும். ‘நான் யார்’ என்ற இடத்திலிருந்து ‘மர்ஃபி’ என்ற ஒற்றைச் சொல் வரைக்குமான பயணம் அது. கடைசியில் பெயர் கேட்கப்படும்போது அவன் அந்தச் சொல்லைச் சொன்னதும் படம் முடியும்.

புதியதில் மர்ஃபி சாகவில்லை. வீட்டு வாசலில் கார் குண்டு வெடிக்கிறது, பலத்த காயம். மனைவி கிளாரா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். அவன் கண் விழிக்கும்போது தன் பெயர், மனைவி, மகன் எல்லாம் அவனுக்குத் தெரியும். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அவனிடமிருந்து அதெல்லாம் எடுக்கப்படுகிறது.

ஆக, பழையது இழந்ததை மீட்கும் கதை. புதியது இருப்பதை இழக்கும் கதை. இந்தத் திருப்பம் பலருக்குப் பிடிக்கவில்லை. மர்மம் போய்விட்டது என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன்னைத் தெரிந்த ஒருவன், தன்னைத் தானே இழப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்னும் கொடுமை. முதல் ஒரு மணி நேரம் படம் அந்தக் கொடுமையை நேர்மையாகக் காட்டுகிறது.

படத்திலேயே சிறந்த காட்சி எது?

கண்ணாடிக் காட்சி. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு.

சீனாவில் உள்ள ஆம்னிகார்ப் தொழிற்சாலையில் மர்ஃபி விழிக்கிறான். உடம்பு முழுக்கக் கவசம் என்றுதான் நினைக்கிறான். ஆத்திரத்தில் சுவரை உடைத்துக்கொண்டு, தொழிலாளர்கள் வரிசையாக நிற்கும் கூடத்தைத் தாண்டி, வெளியே வயல்வெளி வரைக்கும் ஓடுகிறான். நார்ட்டன் ஒரு பட்டனில் அவனை நிறுத்திவிடுகிறார். திரும்பக் கொண்டுவந்து வைத்த பிறகு, ‘என்னில் என்ன மிச்சம் இருக்கிறது, காட்டுங்கள்’ என்கிறான் மர்ஃபி.

நார்ட்டன் தயங்குகிறார். பிறகு எதிரே கண்ணாடி. இயந்திரக் கைகள் ஒவ்வொரு பாகமாகக் கழற்றுகின்றன. கால்கள் போகின்றன. இடது கை போகிறது. மார்புக் கவசம் விலகுகிறது. கடைசியில் தொங்கிக்கொண்டிருப்பது ஒரு முகம், தொண்டை, கண்ணாடிக் கூட்டுக்குள் ஏறி இறங்கும் இரண்டு நுரையீரல்கள், துடிக்கும் இதயம், தனியாக ஒரு வலது கை. அந்த நுரையீரல்களைக் கவனியுங்கள். அவன் அழ ஆரம்பிக்கும்போது அவை வேகமாக ஏறி இறங்கும். முகம் மறைக்கப் பார்ப்பதை நுரையீரல் காட்டிக் கொடுத்துவிடும். கின்னமனுக்கு அங்கே உடம்பே கிடையாது. கண்களையும் வாயோரத்தையும் மட்டும் வைத்து நடித்திருக்கிறார்.

உன் மூளை பத்திரமாக இருக்கிறது, நீதான் உன்னை இயக்குகிறாய் என்று நார்ட்டன் தேற்றுகிறார். அப்படியானால் நான் சாக விரும்புகிறேன் என்கிறான் மர்ஃபி. அவனைச் சாக விடவில்லை. யார் யாரை இயக்குகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அந்த வலது கைக்கு இன்னொரு சங்கதி உண்டு. பழைய படத்தில் டாக்டர்கள் மர்ஃபியின் இடது கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல, முழு உடலும் இயந்திரம் என்றுதானே பேச்சு, கையை எடுத்துவிடுங்கள் என்று திட்டத்தின் தலைவன் அலட்சியமாகச் சொல்வான். புதியதில் ஒரு கையை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். கறுப்பு உலோகத்தின் ஓரத்தில் சதையும் நகமுமாக அது தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். உள்ளே மனிதன் இருக்கிறான் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்த லேபிள் அது.

முகத்திரை இறங்கினால் மென்பொருள்தான் முடிவெடுக்கிறதாமே, அது என்ன?

படத்தின் கதையில், அமெரிக்க மண்ணில் ரோபோப் போலீஸைத் தடை செய்யும் சட்டம் ஒன்று இருக்கிறது. செனட்டர் டிரேஃபஸ் கொண்டுவந்தது. உணர்வில்லாத ஒன்றின் கையில் உயிரெடுக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். செல்லர்ஸ் அந்தச் சட்டத்தைச் சுற்றிப் போகத்தான் இயந்திரத்துக்குள் ஒரு மனிதனை வைக்கிறார். ஆனால் பரிசோதனையில் மர்ஃபி வெறும் ரோபோவை விட மெதுவாக இருக்கிறான். காரணம், அவன் யோசிக்கிறான். இங்கே யாராவது அப்பாவி இருப்பாரா என்று ஒரு நொடி தயங்குகிறான்.

அந்தத் தயக்கத்தை நீக்கச் சொல்கிறார்கள். நார்ட்டன் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். சண்டை தொடங்கி முகத்திரை கீழே இறங்கியதும் மென்பொருள் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளும். அதே சமயம் மர்ஃபியின் மூளைக்கு, ‘இதைச் செய்வது நான்தான்’ என்ற உணர்வை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவன் தானே குறிபார்த்ததாக, தானே சுட்டதாக நம்புவான். நார்ட்டனே இதை, சுயமாகத் தீர்மானிக்கிறோம் என்ற மாயை என்று விளக்குகிறார்.

இது பழைய படத்தில் கிடையாது. முழுக்க இந்தப் படத்தின் சொந்த யோசனை. சட்டத்துக்கு ஒரு மனிதன் வேண்டும், வியாபாரத்துக்கு ஓர் இயந்திரம் வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் தன்னை மனிதன் என்று நம்பும் இயந்திரத்தைச் செய்துவிடு. சுட்டவன் யார் என்று நாளை நீதிமன்றம் கேட்டால், ‘நான்தான்’ என்று மர்ஃபியே மனசாரச் சொல்வான். எவ்வளவு கச்சிதமான மோசடி! என்னைக் கேட்டால், அண்மைக்கால அறிவியல் புனைவுப் படங்களில் வந்த சிறந்த யோசனைகளில் இது ஒன்று. இதற்குக் கிடைக்க வேண்டிய பேச்சு கிடைக்கவே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கேரி ஓல்ட்மேனை எல்லோரும் புகழ்கிறார்களே?

புகழட்டும். படத்தின் உண்மையான நாயகன் நார்ட்டன்தான் என்றுகூடச் சொல்வேன்.

முதலில் அவரைப் பார்க்கும்போது, கைகளை இழந்த ஒருவர் செயற்கைக் கைகளோடு கிட்டார் வாசிக்கப் பழகிக்கொண்டிருப்பார். விரல்கள் அழகாக ஓடும். வாசிப்பவர் இசையில் கரைந்து உணர்ச்சிவசப்பட்டதும் விரல்கள் திக்கும். உணர்ச்சி கூடினால் கருவி குழம்பும் என்கிறார் நார்ட்டன். உணர்ச்சி இல்லாமல் நான் எப்படி வாசிப்பது என்று கேட்கிறார் அந்த மனிதர். இந்த ஒரு நிமிடக் காட்சிக்குள் முழுப் படமும் இருக்கிறது.

ஆயுதத்துக்காக வேலை செய்ய மாட்டேன் என்று இருந்தவர் நார்ட்டன். பிறகு ஒரு சமரசம், அதன்மேல் இன்னொன்று. முதலில் தயக்கத்தை நீக்குகிறார். பொதுமக்கள் முன் அறிமுகம் செய்யும் நாளில், நகரத்தின் குற்றப் பதிவுகள் மொத்தத்தையும் மூளையில் ஏற்றியதும் மர்ஃபிக்கு வலிப்பு வருகிறது. வாசலில் கூட்டம் காத்திருக்கிறது. நார்ட்டன் அவனுடைய மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய டோபமைன் என்ற ரசாயனத்தைக் கிட்டத்தட்ட வற்றும்வரை குறைத்துவிடுகிறார். மேடைக்கு நடந்து போகும் மர்ஃபி, எதிரே நிற்கும் மனைவியையும் மகனையும் கடந்து போய்விடுகிறான். நார்ட்டன் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு படியிலும் அவரிடம் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் நமக்கும் நியாயமாகவே படுகிறது. ஓல்ட்மேன் அந்தப் படிகளை இறங்கும்போது தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிப் போவதைப் பாருங்கள்.

ரத்தம் இல்லை என்பது அவ்வளவு பெரிய குறையா?

ஆமாம். வன்முறை வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை.

பழைய படத்துக்கு அமெரிக்கத் தணிக்கையில் முதலில் கிடைத்தது எக்ஸ், அதாவது பெரியவர்களுக்கு மட்டும். பலமுறை வெட்டி வெட்டி அனுப்பிய பிறகே, சிறுவர்கள் பெரியவர் துணையோடு பார்க்கலாம் என்ற ஆர் சான்றிதழ் வந்தது. மர்ஃபியின் கை துப்பாக்கியால் சிதறுவதைப் பார்க்கும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்த உடம்பின் வலி பார்ப்பவருக்கும் ஏறுகிறது. அதற்குப் பிறகு உலோகத்துக்குள் அவன் எழும்போது, உள்ளே இருப்பது என்ன என்பது நம் வயிற்றுக்குத் தெரியும்.

புதிய படம் பிஜி-13, அதாவது பெற்றோர் கவனத்தோடு சிறுவர்களும் பார்க்கலாம் என்ற சான்றிதழ். சிறுவர்களும் வர வேண்டும், வசூல் பரந்து வர வேண்டும் என்ற கணக்கு. அதனால் ரோபோகாப்பின் கையில் மின்னதிர்ச்சி கொடுக்கும் துப்பாக்கி. எதிரே நிற்பதும் பாதி நேரம் ரோபோக்கள்தான். உயிரெடுக்கும் அதிகாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஒரு படம், உயிர் போவதைக் காட்டத் தயங்கினால் கேள்வி எப்படி உறைக்கும்? டெஹ்ரான் சிறுவன் சாவதைக்கூட நாம் நேராகப் பார்ப்பதில்லை. அதற்குக் கதையில் காரணம் இருக்கிறது, ஏற்றுக்கொள்ளலாம். மற்ற சாவுகளுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. கண்ணாடிக் காட்சி மட்டும் விதிவிலக்கு. ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லாமலே அது பதைக்க வைக்கிறது. பாடில்யாவுக்குத் திறமை இருந்தது என்பதற்கு அது சாட்சி.

இதே தவறு இந்தத் தொடரில் முன்பும் நடந்திருக்கிறது. 1993இல் வந்த மூன்றாம் பாகத்தையும் பிஜி-13 ஆக்கி, நாயகனைப் பறக்கவிட்டார்கள். யாரும் அதை விரும்பி நினைப்பதில்லை.

வில்லன் எப்படி?

இங்கேதான் படம் காலை வாரிவிடுகிறது. பழையதில் கர்ட்வுட் ஸ்மித் நடித்த கிளாரன்ஸ் பாடிக்கர், கண்ணாடி போட்ட கணக்குப்பிள்ளை மாதிரி இருந்துகொண்டு சிரித்தபடி கொல்வான். மேலே நிறுவனத்தில் ரானி காக்ஸின் டிக் ஜோன்ஸ். தெருவில் ஒருவன், மாடியில் ஒருவன், இருவருக்கும் இடையே பணம் ஓடும் கயிறு.

புதியதில் ஆயுத வியாபாரி வல்லானுக்கு ஒரு முகமே மனதில் நிற்கவில்லை. படத்தின் நடுவிலேயே, இருட்டுக் கிடங்கில் நடக்கும் சண்டையில் செத்தும் போகிறான். மைக்கேல் கீட்டன் நன்றாக நடித்திருக்கிறார். அவருடைய செல்லர்ஸ் இனிமையாகப் பேசும், ஜீன்ஸ் போடும், மக்கள் எதை விரும்புவார்கள் என்று ஆய்வு செய்யும் ஆள். வெள்ளி நிற உடையைப் பார்த்துவிட்டு, இன்னும் மிரட்டலாக வேண்டும், கறுப்பாக்குங்கள் என்று அவர் சொல்லும் காட்சி அருமை. அப்படிப்பட்ட ஆளை, கடைசி இருபது நிமிடத்தில் மொட்டை மாடியில் நின்று துப்பாக்கி காட்டும் சாதா வில்லனாக்கிவிட்டார்கள். மனமே வரவில்லை ஏற்றுக்கொள்ள.

சரி, ஆக்‌ஷன்?

சுமார்தான். ஜாக்கி ஏர்ல் ஹேலி நடித்த மேட்டக்ஸ் என்ற படைவீரன் மர்ஃபியைச் சோதிக்கும் பயிற்சிச் சண்டையும் கிடங்குச் சண்டையும் வேகமாக இருக்கும். ஆனால் எடை இல்லை. பழைய படத்துக்காக வெல்லர், மோனி யாகிம் என்ற மைம் (பேச்சில்லாமல் உடலசைவால் நடிக்கும் கலை) ஆசிரியரிடம் பயின்று நடையை அமைத்தார். தலை முதலில் திரும்பும், பிறகுதான் உடம்பு. ராப் பாட்டின் செய்த அந்தக் கனமான உடையும், ஒவ்வோர் அடிக்கும் எழும் சத்தமும் சேர்ந்து ஒரு இரும்புக் கட்டி நடந்து வருவது போல இருக்கும். புதியவன் ஓடுகிறான், தாவுகிறான். வேகம் கூடியது, பயம் குறைந்தது. பழைய படத்துக்கு இசையமைத்த பாசில் போலிடூரிஸின் இசை தலைப்புக்கு மட்டும் ஒலித்துவிட்டுப் போவதும் ஏக்கத்தைத்தான் கூட்டுகிறது.

டெட்ராய்ட் படத்தில் இருக்கிறதா?

பெயர் இருக்கிறது. ஊர் இல்லை.

படப்பிடிப்பு வேறு இடத்தில் நடந்தது என்பதைக் குறை சொல்லவில்லை. பழையதும் பெரும்பாலும் டல்லாஸில் எடுக்கப்பட்டதுதான், புதியது கனடாவில். ஆனால் பழைய படத்தில் பாழடைந்த ஆலைகள், வேலைநிறுத்தத்துக்குத் தயாராகும் போலீஸ்காரர்கள், அந்தச் சிதிலத்தின்மேல் புது நகரம் கட்டத் துடிக்கும் நிறுவனம் எல்லாம் இருந்தன. டெட்ராய்ட்வாசிகளே அந்தப் பாத்திரத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். 2011இல் ரோபோகாப்புக்குச் சிலை வைக்க இணையத்தில் 67,000 டாலருக்கும் மேல் திரண்டது.

இப்போது யோசியுங்கள். 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சி நிஜமாகவே திவால் மனு போட்டது. தெருவிளக்குகள் எரியாமல், கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதமாகும் நகரம். ஏழு மாதம் கழித்து வந்த படத்தில் அதன் சுவடே கிடையாது. சுத்தமான சாலைகள், கண்ணாடிக் கட்டடங்கள், மர்ஃபிக்கு வசதியான வீடு. ரோபோப் போலீஸ் இந்த ஊருக்கு ஏன் தேவைப்படுகிறது என்ற உணர்வே நமக்கு வருவதில்லை. படம் திவாலுக்கு முன்பே எடுக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் அந்த நகரத்தின் நலிவு அன்று யாருக்கும் ரகசியமாக இல்லை.

மனைவி கிளாரா பாத்திரம்?

நல்ல எண்ணம், பாதி வேலை. அபி கார்னிஷுக்கு அழுவதும் கேட்பதும்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு காட்சி உண்டு: உணர்ச்சி வற்றிப்போய்க் கிளம்பும் மர்ஃபியின் வழியை மறித்து, மகன் ராத்திரியில் தூங்குவதில்லை, பயந்து எழுகிறான் என்று சொல்கிறாள். அவன் எதுவும் பேசாமல் போகிறான். போகும் வழியில் திட்டமிட்ட பாதையை மீறி, வீட்டு வாசலுக்குத் திரும்புகிறான். தான் வெடித்துச் சிதறிய நொடியைக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை வைத்து மறுபடி பார்க்கிறான். மகன் அதைப் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிகிறது. டாக்டர்கள் பூட்டிய பூட்டை ஒரு பிள்ளையின் தூக்கம் திறக்கிறது. இது எப்படி மருத்துவ ரீதியாகச் சாத்தியம் என்று படம் விளக்கவில்லை. எனக்கு விளக்கமும் தேவைப்படவில்லை.

பெண் போலீஸ் லூயிஸ் ஏன் ஆணாக மாறினார்?

பழையதில் நான்சி ஆலன் நடித்த, மர்ஃபியின் கூட்டாளியான ஆன் லூயிஸ்தான், ‘மர்ஃபி, இது நீதான்’ என்று முதலில் கண்டுகொள்வார். புதியதில் அந்த இடத்தை மனைவி எடுத்துக்கொண்டதால் கூட்டாளிக்கு வேலையில்லாமல் போனது. மைக்கேல் கே. வில்லியம்ஸ் மாதிரி ஒரு நடிகரை வைத்துக்கொண்டு வீணாக்கியது பெரிய குறை.

படம் ஓடியதா?

அமெரிக்காவில் ஏறத்தாழ 5.9 கோடி டாலர், உலகம் முழுக்க 24 கோடி டாலர் சுமார். செலவு 10 கோடிக்கும் மேல். நஷ்டம் என்று சொல்ல முடியாது, வெற்றி என்றும் சொல்ல முடியாது. தொடர்ச்சி வரவில்லை. 2018இல் பழைய படத்தின் நேரடித் தொடர்ச்சியாக ஒன்றை அறிவித்தார்கள். இயக்குவதாக இருந்த நீல் ப்ளோம்கேம்ப் மறு வருடமே விலகினார்.

படத்தில் சொல்வது நிஜத்தில் நடக்குமா?

அதன் ஓரங்கள் நடந்துவிட்டன. 2016 ஜூலையில் டல்லாஸில் ஐந்து போலீஸாரைச் சுட்டுக் கொன்றவனை, வெடிகுண்டு அகற்றும் ரோபோவின் கையில் வெடிபொருளைக் கொடுத்து அனுப்பிப் போலீஸ் கொன்றது. அதை இயக்கியது மனிதர்தான். ஆனாலும் அமெரிக்கப் போலீஸ் ரோபோவைக் கொண்டு ஒருவரைக் கொன்றது அதுவே முதல் முறை என்று பரவலாகச் சொல்லப்பட்டது. பழைய ‘ரோபோகாப்’ எடுக்கப்பட்ட அதே டல்லாஸ்.

2022 நவம்பர் கடைசியில், மிக அவசர நிலையில் போலீஸ் ரோபோக்களை உயிரெடுக்கப் பயன்படுத்தலாம் என்று சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றம் வாக்களித்தது. மக்கள் எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே வாரத்தில் முடிவைத் திரும்பப் பெற்றது. செனட்டர் டிரேஃபஸின் விவாதம் கிட்டத்தட்ட அப்படியே ஒரு நகர மன்றத்தில் நடந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் மறுபடி போட்டுப் பார்த்தது புதிய படத்தைத்தான், பழையதை இல்லை.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

புதியதைப் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம். கண்ணாடிக் காட்சியில் மட்டும் பக்கத்தில் இருங்கள். பழையது பெரியவர்களுக்கு மட்டும்.

எதை முதலில் பார்ப்பது?

புதியதை முதலில் பாருங்கள் என்பேன். பழையதைப் பார்த்துவிட்டுப் போனால் ஒவ்வொரு காட்சியிலும் இல்லாததையே தேடிக்கொண்டிருப்பீர்கள்; எனக்கும் முதல் தடவை அதுதான் நடந்தது, திரையரங்கை விட்டுக் கோபத்தோடுதான் வந்தேன். இரண்டாவது தடவை, வீட்டில், ஒப்பிடாமல் பார்த்தபோதுதான் நார்ட்டனும் அந்த நுரையீரல்களும் கண்ணில் பட்டன. நேரம் இல்லாதவர்கள் முதல் ஒரு மணி நேரத்தையாவது பாருங்கள். மர்ஃபி வீட்டு வாசலுக்குத் திரும்பி வரும் வரைக்கும்.